திதி வெண்பாவுக்கு நான் சொன்ன நயப்புரை

புதிதாக ஒன்றைப் படித்து முடித்தவர்களுக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம் வரும். படித்ததை உடனே யாரிடமாவது காட்டிவிடவேண்டும். சைக்கிள் ஓடப் பழகியவன் ஒன்றும் வாங்கத் தேவையில்லாமலே கடைக்குப் போவான். தாதி வேலைக்குப் பயிற்சி எடுக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்தவர்களின் கையைப் பிடித்து நரம்பு தேடுவாள். பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து முடித்து நான் ஓமந்தைக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பிடித்திருந்த வருத்தத்துக்குப் பெயர் யாப்பு.

எதைக் கேட்டாலும் அசை பிரித்தேன். பஸ்ஸில் எழுதியிருக்கும் பெயர், தேத்தண்ணிக் கடை விளம்பரம், கோயில் ஒலிபெருக்கி ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் அம்மா குசினிக்குள் இருந்து "சோறு வடிச்சாச்சு வா!" என்று கூப்பிட்டா. நான் எழும்பிப் போகாமல், "அம்மா, இப்ப நீங்கள் சொன்னது வெண்பாவின்ரை ஈற்றடி. தளை ஒரு இடமும் தட்டேல்லை" என்றேன். அம்மா அகப்பையோடு வெளியே வந்து என்னை ஒருமாதிரிப் பார்த்தா. பிறகு அப்பாவிடம், "இவளுக்குக் கெதியா ஒரு வேலை எடுத்துக் குடுக்கவேணுமப்பா" என்று சொன்னது எனக்குக் கேட்டது. வேலை கிடைக்கவில்லை. அதற்கு முதல் பொன்னையாப் பெரியப்பா செத்துப்போனார்.

பெரியப்பா என்றால் அப்பாவின் தமையன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் குளத்துக்குக் கீழே காணி கிடைத்துக் குடியேறி, நெல் விதைத்துப் பிழைத்தவர். என்னில் சரியான பட்சம். நான் கம்பஸ் போன நாள் முதல் என்னை வாணி என்று கூப்பிடவே இல்லை. "என்ன புலவர், எப்ப வந்தனீர்?" என்றுதான் கேட்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மகள் விஷயத்தில் மட்டும் ஒரு பிடிவாதம். ரஞ்சி அக்கா தன்னோடு படிப்பித்த அன்ரன் என்பவரை விரும்பிக் கலியாணம் செய்திருந்தா. அவர் கணக்கு வாத்தியார். ஊர் முள்ளிவாய்க்கால். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். பெரியப்பா சத்தம் போடவில்லை, மகளை வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்கா வந்தால் "சாப்பிட்டியோ?" என்று கேட்பார். ஆனால் அக்காவின் வீட்டுக்கு மட்டும் ஒருநாளும் போகவில்லை. ஒருக்காப் போய்ப் பாருங்கோவன் என்று யாராவது சொன்னால், "வயல் வேலை முடியட்டும்" என்பார். அவருக்கு வயல் வேலை முடியவே இல்லை. அவர் போகாததால் பெரியம்மாவும் போகவில்லை. கடைசியில் ஒரு மாசி மாதம், வெட்டின நெல் மூட்டையாக விறாந்தையில் அடுக்கியிருக்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கும் தெரியும். (இதை ஞாபகம் வைத்திருங்கள். நான்தான் மறந்துபோனேன்.)

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்று மத்தியானம் சாப்பிட வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, எல்லாவற்றுக்கும் முதல் ஒரு திதி வெண்பா. எந்த மாதம், எந்தப் பிறை, எந்தத் திதியில் போனார் என்பதை நான்கு அடியில் சொல்லிவிடும். பிறகு வருடா வருடம் திவசத்துக்கு நாள் பார்க்க அது உதவும். பெரும்பாலும் அச்சகத்திலேயே யாராவது ஒரு புலவரை வைத்து எழுதிக் கொடுப்பார்கள். பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்ட வெண்பாக்களை நானே எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன்.

அன்று பங்குனி வெயில். பெரியப்பா வீட்டு முற்றத்தில் தகரப் பந்தல். பந்தலுக்குள் இருந்தால் அடுப்புக்குள் இருப்பது போல் இருந்தது. பெரியப்பாவின் மகன் குகன் அண்ணை வேட்டியோடு ஓடித் திரிந்தார். அன்ரன் அத்தான், செத்தவீட்டு நாள் முதல் பள்ளிக்கூடம் விட்டதும் மோட்டார்சைக்கிளில் வந்து வந்து போனவர், அன்று விடியவே வந்து பின்வளவில் பூசணிக்காய் வெட்டினார். பந்தி தொடங்கியதும் வாளியைத் தூக்கிப் பரிமாறினார். ஆட்கள் அவரிடம் சாம்பார் வாங்கினார்கள். கதை கொடுத்தவர்கள் குறைவு.

சாப்பாடு முடிகிற நேரம் குகன் அண்ணை புத்தகக் கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மேல் கட்டை அவிழ்த்து முன்னுக்கு இருந்தவர்களுக்கு ஒவ்வொன்று கொடுத்தார். முதல் கதிரையில் நல்லதம்பி மாஸ்டர் இருந்தார். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர், பூமிசாத்திரம் படிப்பித்தவர், காது மந்தம். அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்கை எங்கடை தமிழ்ப் பட்டதாரி? வா பிள்ளை, திதி வெண்பாவை ஒருக்கா ராகத்தோடை வாசி, எல்லாரும் கேப்பம்" என்றார்.

வாசி என்றுதான் சொன்னார். நயப்புரை சொல் என்று சொல்லவில்லை. இதை நான் பிறகு பலநாள் யோசித்தேன்.

எழும்பினேன். சேலை முந்தானையைச் சரி செய்தேன். கண்ணாடியை மேலே தள்ளினேன். வாசித்தேன்.

மாசி வளர்பிறை பஞ்சமியில் மண்விட்டு
ஈசன் அடிசேர்ந்தார் பொன்னையா – வாசலிலே
மாலையிலே பாய்விரித்து வாருமென்று பார்த்திருந்தோம்
காலடியைக் காணோம் இனி

என் குரல் அவ்வளவு மோசமில்லை. பந்தல் அமைதியாகியது. பெரியம்மா கதவடியில் இருந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. எனக்குத் தெரியாத யாரோ ஒரு அம்மா, "ஐயோ, என்ன வடிவாச் சொல்லியிருக்கு" என்றா. அந்த இடத்தில் நான் கதிரையில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

நான் இருக்கவில்லை. "இந்தச் செய்யுளைப் பற்றி இரண்டொரு வார்த்தை" என்று தொடங்கினேன். எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அப்படித்தான் தொடங்குவார். அவருக்கு முன்னால் நாங்கள் கொப்பியோடு இருப்போம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் பாயாசத்துக்குக் காத்திருந்தார்கள். அந்த வித்தியாசம் எனக்குப் புலப்படவில்லை.

"முதலிலே வடிவம். இரண்டாமடியின் முடிவிலே தனிச்சொல் வருகிறது. ஆகவே இது நேரிசை வெண்பா. மாசி, ஈசன், வாசலிலே என்று எதுகை நன்றாக அமைந்திருக்கிறது. அதுவரை சரி. ஆனால்..."

அந்த 'ஆனால்' சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. பிழை பிடிக்கிறவனுக்கு வரும் சந்தோஷம். இன்று நினைத்தால் காது சுடுகிறது.

"ஆனால் மூன்றாமடியைப் பாருங்கள். மாலையிலே. மா, நேரசை. லை, நெடில், அதுவும் நேரசை. யிலே, நிரையசை. நேர் நேர் நிரை. தேமாங்கனி! வெண்பாவுக்குள்ளே கனிச்சீர் வரவே கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரிந்த விதி இது."

"என்ன, கனியோ?" என்று நல்லதம்பி மாஸ்டர் காதில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் கேட்டார். "வாழைப்பழம் வருகுதோ?"

"அது இல்லை மாஸ்டர், கனிச்சீர்!" என்று நான் குரலை உயர்த்தினேன். பிறகு விரிவுரையாளரின் பகிடி ஒன்று ஞாபகம் வந்தது. அதையும் விட்டேன். "வெண்பாவுக்குள் கனிச்சீர் வருவது, ஆசாரமான வீட்டுக்குள்ளே கூப்பிடாத ஆள் செருப்போடு ஏறி வந்தமாதிரி!"

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் விரிவுரை மண்டபத்தில் இதற்குப் பெரிய சிரிப்பு எழும்பும். வன்னிச் சனத்துக்கு இலக்கணப் பகிடி விளங்காது என்று நினைத்துக்கொண்டேன். (கடவுளே.)

"அடுத்தது சுவை. இறந்தவர் ஈசன் அடி சேர்ந்தார் என்றால் அங்கேயே நிறுத்தவேண்டும். அதற்குப் பிறகு மாலை, வாசல், பாய், பார்த்திருத்தல் எல்லாம் எங்கேயிருந்து வந்தன? மாலைப்பொழுதில் காத்திருப்பது முல்லைத்திணை. தலைவி தலைவனுக்காக இருப்பது. யாரோ ஒரு புலவர் காதல் பாட்டுக்கு வைத்திருந்த இரண்டடியைக் கொண்டுவந்து பெரியப்பாவுக்கு ஒட்டிவிட்டார். இதிலே துக்கமே இல்லை!" என்றேன். பிறகு, புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, பேச்சு வழக்குக்கு இறங்கி வந்து கேட்டேன். "நான் கேக்கிறன், இது ஆற்றை வாசல்? எந்த வீட்டு வாசல்? பெரியப்பா ஆற்றை வாசலுக்காவது போகாமல் இருந்தவரோ?"

பின்வளவில் பைப் ஒழுகுவது கேட்டது. நான் பதிலுக்குக் காத்திருந்தேன். உண்மையாகவே காத்திருந்தேன்! அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தா. ரஞ்சி அக்கா கதவடியில் இருந்து எழும்பி உள்ளே போனா. அவ போவதைப் பார்த்தபோதுதான், எனக்குத் தெரிந்த அந்தக் கதை முழுவதும் எங்கேயோ இருந்து திரும்பி வந்து என் தலையில் ஏறியது.

பெரியம்மா மெதுவாகச் சொன்னா: "பிள்ளை, அது என்ரை மருமோன் எழுதினது. நீ வாசிச்ச பிறகு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவம் எண்டு இருந்தனான்."

அன்ரன் அத்தான் பந்திக் கடைசியில் பாயாச வாளியோடு நின்றார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் வாளியைக் கீழே வைத்தார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தேன். கோபமென்றால் எவ்வளவு நல்லது!

"ஓம் தங்கச்சி, நான்தான்," என்றார். "மூண்டாமடியிலையோ பிழை? சொல்லுங்கோ, புத்தகம் இன்னும் குடுத்து முடியேல்லைத்தானே. பேனையாலை திருத்திவிடுவம்."

சட்டைப் பையில் இருந்து பேனையை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டார். கணக்கு வாத்தியார். பிழை என்றால் திருத்தவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அத்தனை பேரும் பார்த்திருக்க, மூடியைக் கழற்றி, என் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

எனக்குப் பிழை பிடிக்கத்தான் படிப்பித்திருந்தார்கள். ஒரு வெண்பா எழுதச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. "மாலைதனில்... எண்டு போடலாம்," என்றேன். சொல்லி முடிக்கமுதலே விரலில் எண்ணினேன். என் கணக்குப்படி அதுவும் கனி. "மாலையிலும்?" அதுவும் கனி. வியர்வை கண்ணுக்குள் ஓடியது. "அந்தியிலே எண்டா சீர் சரிவரும்," என்றேன். அத்தான் எழுதக் குனிந்தார். "பொறுங்கோ, பொறுங்கோ, எதுகை போயிடும். கீழை காலடி இருக்கு. மாலைக்குத்தான் காலடி." அத்தான் பேனையை எடுத்தார். "அப்ப காலடியை மாத்தவேணுமோ?" "ஓம்... இல்லை... காலடி இருக்கட்டும்."

"பழத்தைக் குடுத்து முடியுங்கோவன்!" என்று நல்லதம்பி மாஸ்டர் சத்தமாகச் சொன்னார்.

"அத்தான், அது... அப்பிடியே இருக்கட்டும்," என்றேன்.

அவர் பேனையை மூடினார். "இல்லைத் தங்கச்சி. மாமாவின்ரை பேரிலை பிழையான ஒண்டு வெளியிலை போகக்கூடாது." முன்னுக்கு இருந்தவர்களிடம் போய், மன்னிக்கச் சொல்லி, கொடுத்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். கட்டை மறுபடியும் கட்டினார். குகன் அண்ணை தடுத்தும் கேட்கவில்லை. முதல் பக்கத்தை மாற்றி அடித்துக் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுக்கிறேன் என்றார். பொழுதுபட்டால் யானை இறங்குகிற ரோட்டு என்று சனம் வெளிக்கிடத் தொடங்கியது. அந்தியேட்டி வீட்டில் இருந்து கையில் புத்தகம் இல்லாமல் ஆட்கள் போனதை எங்கள் பக்கத்தில் ஒருவரும் அதற்குமுன் பார்த்ததில்லை. அக்கா அறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தான் புத்தகக் கட்டுகளை மோட்டார்சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கியபோது, போய்ப் பிடிக்கலாமா என்று ஒருகணம் யோசித்தேன். போகவில்லை.

மாங்குளம் போகிற பஸ்ஸில் அம்மா என்னோடு கதைக்கவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவ கொஞ்சத் தூரம் போனபிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தா. "வாசலில... மாலயில பாய விரிச்சு... நல்லாத்தானே இருந்தது. உனக்கு என்னடி வந்தது?"

அம்மாவின் பக்கம் திரும்பினேன். "அம்மா, இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"அந்த மூண்டாமடி."

"மாலயில பாய விரிச்சு..."

மாலயில. மாலையிலே என்று ஒருவரும் லையை இழுத்துச் சொல்வதில்லை. ஐ என்ற எழுத்து சொல்லுக்கு நடுவில் வந்தால் குறுகிவிடும். செய்யுளில் அதைக் குறிலாகத்தான் எண்ணவேண்டும். ஐகாரக்குறுக்கம்! முதலாம் வருடப் பாடம்! மா, நேர். லையி, நிரை. லே, நேர். நேர் நிரை நேர், கூவிளங்காய். வெண்பாவில் தாராளமாக வரலாம். மற்றச் சீர்களையும் பஸ் குலுக்கக் குலுக்க விரல்விட்டு எண்ணினேன். ஒரு தளைகூடத் தட்டவில்லை. அத்தானின் வெண்பா முழுதும் சரி. ஒரு பந்தல் நிறைந்த சனத்துக்கு முன்னால் பிழை விட்ட ஒரே ஆள் தமிழ்ச் சிறப்புப் பட்டதாரி.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. இன்னொருமுறை எடுத்தேன். அதற்கும் இல்லை. குறுஞ்செய்தி எழுதத் தொடங்கி, "ஐகாரம் மொழிக்கு இடையில்" வரையும் வந்து, அழித்தேன். குகன் அண்ணைக்கு எடுத்தேன். "இண்டைக்கு நீ ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை, வாணி. கெஞ்சிக் கேக்கிறன்," என்றார்.

விடிந்ததும் அம்மா என்னைத் திரும்பவும் பஸ் ஏற்றினா. தானும் வந்தா. "பிழையை அங்கை போய்ச் சொல்லு. இலக்கணம் சொல்லாதை, பிழையைச் சொல்லு" என்று வழி முழுவதும் படிப்பித்தா. பெரியம்மா வீட்டில் இறங்கி அவவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவ உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தா.

"நானும் வாறன்," என்றா.

அத்தானின் வீடு கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தது. சின்னச் சீமெந்து வீடு. நாங்கள் போனபோது அவர் உள்ளே மேசையில் இருந்து, ஒரு அடிமட்டத்தை வைத்துப் பிளேட்டால் புத்தகத்தின் முதல் தாளை வெட்டிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் வெட்டின புத்தகங்கள், இடப்பக்கம் வெட்டின தாள்கள். கணக்கு வாத்தியார் என்பதால் வெட்டு நேர்கோடாக இருந்தது. கடைசிப் புத்தகம் கையில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் படியில் நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். கதிரை பின்னால் விழ எழும்பினார். "மாமி... வாங்கோ மாமி... ரஞ்சி! ரஞ்சி, ஆர் வந்திருக்கினம் எண்டு பார்!" என்று கூப்பிட்டுக்கொண்டே போட்டுக்கொள்ளக் கொடியில் கிடந்த சேட்டைத் தேடினார்.

அக்கா குசினிக்குள் இருந்து வந்தா. தாயைக் கண்டதும் கையில் இருந்த சட்டியோடு அப்படியே நின்றா. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அந்தச் சட்டியை வாங்கிக் கீழே வைத்தா. இரண்டுபேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

இப்படியான நேரத்தில் மூளை உள்ள ஒரு ஆள் என்ன செய்யும்? வெளியே போய்க் கிணற்றடியில் நிற்கும். நான் அத்தானுக்குப் பக்கத்தில் போய், "அத்தான், மாலையிலே எண்டதிலை வாற ஐகாரம் குறுகும். அதைக் குறிலா எண்ணினா கூவிளங்காய். உங்கடை வெண்பா சரி அத்தான்!" என்றேன். அழுகைச் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரத்தே சொன்னேன். அம்மா பின்னால் நின்று என் முதுகில் ஒரு குத்து விட்டா.

அத்தான் ஒரு கணம் தன் மனைவியையும் மாமியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரியோ?" என்றார். "நானும் அப்பிடித்தான் எண்ணினனான். யாப்புப் புத்தகத்திலை குறிலா எண்ணச் சொல்லிக் கிடந்தது. நேர் ஒண்டு, நிரை ரெண்டு எண்டு போட்டுக் கணக்கு மாதிரிச் செய்தனான். நீங்கள் பிழை எண்டவுடனை, படிச்ச பிள்ளை சொல்லுது, நான்தான் விளங்காமல் வாசிச்சிருக்கிறன் எண்டு நினைச்சிட்டன்."

அதைவிட அவர் என்னைப் பிளேட்டால் கீறியிருக்கலாம்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, "அதை விடுங்கோ, வெட்டினதை ஒட்டலாம்" என்று பசைப் போத்தலைத் தேடப் போனார். அக்கா அப்படி விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

"பாட்டைப் பிழை எண்டு சொன்னியே, அது பரவாயில்லை வாணி. பாட்டுத்தானே. ஆற்றை வாசல் எண்டு கேட்டியே. அதை நானும் இவரும் ஒருநாளும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவார் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நீ கேட்டனி."

வெண்பா சரி என்று வந்து சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன். திருத்தமுடியாத பிழை அதற்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. அழுதேன். அக்கா சமாதானப்படுத்தவில்லை. கொஞ்சநேரம் அழவிட்டு, "சரி, இருந்து ஒட்டு" என்றா.

எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து ஒட்டினோம். பெரியம்மா அன்று முழுவதும் அங்கேதான் இருந்தா. அத்தான் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிவந்து சமைத்தார். பெரியம்மா விரதம் இருக்கிறா என்று அந்த வீட்டுக் குசினியில் அன்றைக்கு மீன் ஏறவில்லை. மாமியும் மருமகனும் கத்தரிக்காய்க் குழம்புக்குப் புளி விடுவதைப் பற்றி அவ்வளவு நேரம் கதைத்தார்கள். நான் கண்ணீரோடு ஒட்டியதால் சில தாள்கள் தலைகீழாக ஒட்டுப்பட்டுவிட்டன. குகன் அண்ணை புத்தகங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தபிறகு நல்லதம்பி மாஸ்டர் அவருக்குப் போன் எடுத்தாராம். "தம்பி, திதி வெண்பா தலைகீழா நிக்குது. அந்தப் பிள்ளை திருத்தினதோ?"

பெரியம்மா அந்த வீட்டுக்குப் போனது என்னால்தான் என்று நான் சொல்ல வருவதாகத் தயவு செய்து நினைக்கவேண்டாம். சிலர் அப்படிச் சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தார்கள். பெரியம்மா எப்படியும் போயிருப்பா. அந்தியேட்டி முடியத்தான் பார்த்திருந்தா. நான் செய்ததெல்லாம், மருமகன் எழுதினது என்று அவ எல்லோருக்கும் முன்னால் பெருமையாகச் சொல்ல வைத்திருந்த ஒரு வசனத்தைப் பறித்ததுதான். அக்கா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்க அடுத்த பொங்கல் வந்தது. இன்றைக்கும் அக்காவுக்கு முன்னால் 'வாசல்' என்ற சொல் எனக்கு வாயில் வராது. "முன்பக்கம்" என்பேன். அவவுக்கும் ஏன் என்று தெரியும். அவ கேட்பதில்லை.

குடும்பத்தில் எனக்குப் பெயர் 'ஐகாரம்' என்று ஆகிவிட்டது. அக்காவின் பிள்ளைகளுக்கு நான் ஐகாரச் சித்தி. நான் எங்காவது நீளமாகக் கதைக்கத் தொடங்கினால் குகன் அண்ணை, "நடுவிலை வந்தா குறுகவேணும்" என்பார். குறுகிவிடுவேன்.

பிறகு எனக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கிளிநொச்சியில் இருந்து ஒரு மாப்பிள்ளையும் கிடைத்தார். அவரும் தமிழ்ப் பட்டதாரி. கலியாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் அன்ரன் அத்தான் கண்ணாடி போட்ட ஒரு வாழ்த்துப்பாவோடு மேடையில் ஏறினார். தானே எழுதினது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். மண்டபம் முழுவதும் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. முன் வரிசையில் இருந்து அக்கா, "பட்டதாரி, எல்லாம் சரியோ?" என்று கேட்டா. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தா. நான் தலையைக் குனிந்தபடி, "ஓம்" என்று தலையாட்டினேன்.

சரியில்லை. இந்தமுறை உண்மையாகவே ஒரு இடத்தில் தளை தட்டியது. எந்தக் குறுக்கத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. எனக்குப் பக்கத்தில் மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளைக்கும் அது பிடிபட்டுவிட்டது. அவருடைய விரல்கள் அசை எண்ணுவதை ஓரக்கண்ணால் கண்டேன். முகத்தில் அந்தச் சந்தோஷம், எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சந்தோஷம் வந்தது. வாயைத் திறந்தார். நான் அவருடைய காதுப்பக்கம் சாய்ந்து, என் கலியாண வாழ்க்கையின் முதல் வசனத்தைச் சொன்னேன்.

"சத்தம் போடாமல் நில்லுங்கோ. வாயைத் திறந்தியள் எண்டா கொன்றுபோடுவன்."

கமராக்காரன் அதைப் பெரிதாக்கிப் பிடித்துவிட்டான். வீடியோவில் பின்னணிக்கு வீணை போகிறது. மணமகள் மெல்லச் சாய்ந்து மணமகனின் காதில் ஏதோ சொல்கிறாள். மணமகன் அப்படியே உறைந்துபோய் நிற்கிறார். குடும்பம் ஒன்றுகூடுகிற ஒவ்வொரு முறையும் யாராவது அதைப் போடுவார்கள். அந்த இடம் வந்ததும் அக்கா நிறுத்தச் சொல்லுவா. "இதைப் பார், இதைப் பார், எவ்வளவு அன்பு! என்னடி சொன்னனி?"

பிள்ளைகள் ஆளுக்கொன்று ஊகித்துச் சொல்வார்கள். அத்தான் கடைசிக் கதிரையில் இருந்து வெட்கத்தோடு சிரிப்பார், தன் பாட்டைக் கேட்டுத்தான் நான் உருகிப்போனேன் என்று நினைத்து. என் மனுசன் என்னைப் பார்ப்பார். நான் தேத்தண்ணி போட எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன்.